நல்கை மண்ணுக்கா, தாளுக்கா?

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'மானியம்' என்னும் சொல்லைக் கேளாத உழவர் இற்றைத் தமிழகத்தில் ஒருவரும் இரார். உரத்துக்கு மானியம், பொறிக்கு மானியம், சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம், இப்பொழுது இயற்கை உழவுக்கும் மானியம். அது வடசொல். அதற்குத் தமிழில் 'நல்கை' என்னும் சொல் உண்டு. பல்கலைக்கழகத்தார் அதனை ஏற்றுப் பல ஆண்டுகளாக வழங்கியும் வருகின்றனர். ஆனால் சொல்லை மாற்றிவிட்டால் பொருளும் தானே மாறிவிடும் என்று எண்ணுதல் பேதைமை. கடன் என்பது கொடுத்தவனுக்கே திரும்பவேண்டியது. நல்கை அவ்வாறு திரும்பவேண்டுவதில்லை. திரும்பவேண்டாப் பணமாயின், அது போய்ச் சேருமிடம் எது என்று கேட்கும் உரிமை உழவருக்கு உண்டன்றோ? அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று இங்கே கேட்டாகவேண்டும்.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரும் உழவை மேனாட்டார் அண்மைக் காலத்தில் ஒரு புதுப்பெயரிட்டு அழைத்து வருகின்றனர். மண்மீட்பு உழவு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பெயர்தான் புதிது. தொழுவுரம் இடுதலும், கொழுஞ்சியும் ஆவாரையும் எருக்கும் பூவரசும் ஒடித்து வந்து சேற்றில் மிதித்தலும், கோடையில் ஏரியின் வண்டலை வண்டி வண்டியாக ஏற்றிவந்து வயலில் கொட்டுதலும் தமிழுழவர் அறியாதவையா? அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதும், ஓரிரவுக் கிடைக்கு இவ்வளவு நெல் அல்லது இவ்வளவு பணம் என்று பேசி வாங்கிப் போவதும் இன்றும் நடக்கின்றன. திருக்குறளின் உழவு அதிகாரம், புழுதியைக் காற்பங்காகக் காயவிடுவதையும், ஏரினும் எருவே மேம்பட்டது என்பதையும் அடுத்தடுத்த இரு குறள்களில் வைத்திருக்கின்றது. 1889-இல் ஆங்கிலவரசால் இந்திய உழவைத் 'திருத்துவதற்காக' அனுப்பப்பெற்ற வோல்க்கர் என்னும் வேதியியலறிஞர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்நாட்டு உழவரின் கருத்தையும் உழைப்பையும் பாராட்டி எழுத நேர்ந்தது. சாணம் அடுப்பெரிக்கப் போகின்றது. அதற்குக் கரணியம் விறகின்மை. விறகுக்கு வழி செய்தால் சாணம் வயலுக்கு வரும் என்று அவர் கண்டார். உழவரைக் குறைகூறாமல், உழவர் ஏன் அவ்வாறு செய்கின்றார் என்று பார்த்த கண் அது. திட்டந் தீட்டுவோர்க்கு இன்றும் அந்தக் கண் வேண்டும்.

அப்படியாயின் தமிழ்மண் எவ்வாறு உரமூட்டைக்கு அடிமைப்பட்டது? இங்குதான் ஓர் உண்மையை மறவாது நினைவிற் கொள்ளவேண்டும். உழவர் தாமே கடைக்கு ஓடிப்போய் யூரியாவை வாங்கி வரவில்லை. 1959-இல் அமெரிக்க நாட்டுப் போர்டு அறக்கட்டளையின் துணையோடு வந்த வல்லுநர் குழுவொன்று, இந்தியாவின் உணவு நெருக்கடியைப் பற்றி அறிக்கை தந்தது. அதன்படி 1960-61-இல் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்து செறிவுழவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வேழனுள் தஞ்சை ஒன்று. விதை, உரம், பூச்சிக்கொல்லி, கடன் ஆகியவற்றை ஒரே பொதியாகக் கட்டிக் கொடுத்ததனால் அதனைப் 'பொதித் திட்டம்' என்றே ஊரார் அறிந்தனர். அக்காலத்துப் பசி மெய்யான பசி. கப்பலில் வந்த கோதுமையை எதிர்நோக்கி நாடு நின்ற காலம் அது. விளைச்சல் கூடியதையும் மறைப்பதற்கில்லை. ஆனால், இந்த வழியில் உழவரைக் கைபிடித்து அழைத்துச் சென்றதே ஒரு நல்கைதான் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. நல்கை கொடுத்துத் திருப்பிய தேரை, வெறும் அறிவுரை கூறி மறுபடி திருப்பிவிட முடியுமா?

அந்தத் திட்டங்கள் கொடிகட்டிப் பறந்த நாளிலேயே அதன் உள்ளிருந்து ஒருவர் வெளியேறினார். கோவில்பட்டி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய நம்மாழ்வார், வானம் பார்த்த நிலத்து ஏழையுழவர்க்கு அங்கு நடக்கும் ஆய்வால் பயனில்லை என்று கண்டு, 1969-இல் அரசுப் பணியை விட்டார். 2013-இன் இறுதி நாள்களில் மறையும்வரை ஊரூராகச் சென்று அவர் சொல்லியதெல்லாம் மண்ணைப் பற்றித்தான். 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின், நாகை மாவட்டத்தில் உப்பேறிப்போன வயல்கள் இனி விளையா என்று பலர் கைவிட்டனர். அவ்வயல்களில் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கியுழுது மீட்ட பணியில் அவரும் அவர் தோழர்களும் முன்னின்றனர். துயர்துடைக்க வந்த பணத்தின் ஒரு பகுதி விதையாகி, தழையாகி, மண்ணுக்குள்ளேயே போய்ச் சேர்ந்த எடுத்துக்காட்டு அது.

இனிக் கணக்குக்கு வருவோர் வரலாம், கணக்கு கசப்பானது. 2022-23 என்னும் ஓராண்டில் மட்டும் இந்திய அரசு உரத்துக்கென ஈந்த மானியம் இரண்டரை இலக்கங் கோடி உருபாவுக்கும் மேல். 45 கிலோ யூரியா மூட்டை வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக 242 உருபாவுக்குக் கிடைப்பது அதனால்தான். அந்த நல்கை உழவர் பெயரால் எழுதப்பெறுகின்றது. போய்ச் சேருவது உரத் தொழிற்சாலைக்கும் இறக்குமதியாளர்க்கும். மறுபுறம் 2024 நவம்பரில் நடுவணரசு ஒப்புதலளித்த இயற்கை உழவுக்கான நாடளாவிய திட்டத்துக்கு ஒதுக்கியது, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து 2,481 கோடி உருபா. அஃதும் ஓராண்டுக்கன்று; 2025-26 முடியும் வரைக்கும். ஒரே ஆண்டின் உர மானியத்தில் நூற்றில் ஒரு பங்கு! அந்த நூற்றிலொன்றைக் கொண்டு ஒரு கோடி உழவரையும் ஏழரை இலக்கம் எக்டேர் நிலத்தையும் மாற்றிவிடப் போவதாக அறிவிப்பு. ஒரு கையில் தொண்ணூற்றொன்பது பங்கு நஞ்சைக்கட்டி வைத்துக்கொண்டு மறுகையில் ஒரு பங்கு மருந்தை நீட்டுவது எவ்வகை மருத்துவமோ?

அந்த ஒரு பங்கேனும் வயலுக்கு வருகின்றதா என்று பார்க்கவேண்டும். 2015-16-இல் 'பரம்பராகத்து கிருசி விகாசு யோசனா' என்று ஒரு திட்டம் வந்தது. தமிழுழவர் ஒருவர் அப்பெயரைப் பிழையின்றிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாத்தி களையெடுத்துவிடலாம்! மரபுவழி உழவை வளர்ப்பதற்கென்று வந்த திட்டம், எம்மரபின் உழவரும் தம் மொழியில் அழைக்கவியலாப் பெயரோடு வந்தது. பெயர் கிடக்கட்டும். தொடக்கத்தில் அது எக்டேருக்கு மூன்றாண்டுக்குமாக 50,000 உருபா என்று வகுத்து, அதில் 31,000 உருபாவை உழவரின் இடுபொருளுக்கென நேரே கணக்கில் சேர்த்தது. பின்னர் 2022-23 முதல் மொத்தத்தை 31,500 உருபாவாகக் குறைத்தனர். உழவர் கைக்கு வருவது 15,000. மூன்றாண்டுக்கு, ஓர் எக்டேருக்கு! ஏக்கர்க் கணக்கிற் சொன்னால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 உருபா. எஞ்சியது குழு அமைத்தல், பயிற்சி, சான்றிதழ், பொதிதல், விற்பனை என்று பிரிந்து போகின்றது. இவற்றுள் ஒன்றும் வேண்டாதது என்பதற்கில்லை. ஆனால் மண் சாப்பிடுவது இவற்றுள் எதை?

அந்த மூன்றாண்டின் உள்ளே நடப்பதையும் சற்று எண்ணிப்பாருங்கள். வேதியுரம் பழகிய நிலத்தில் மூட்டையை நிறுத்திய முதலாண்டு விளைச்சல் விழும். இரண்டாமாண்டும் முழுதாக எழாது. ஆண்டுப் பயிர் நிலத்துக்கு இரண்டாண்டும், மரப்பயிருக்கு மூன்றாண்டும் கழிந்தாலன்றி உயிர்ம விளைவு என்னும் முழுச்சான்று கிடையாது. அதுவரை 'மாறிவரும் நிலத்து விளைவு' என்றே விற்கவேண்டும். சந்தையிலோ அதற்குத் தனிவிலை இல்லை. ஆக, இழப்பு மிகுந்த காலத்தில் விலை இல்லை. விலை கிடைக்கத் தொடங்கும் காலத்தில் நல்கை நின்றுவிடும். நான்காமாண்டு ஒரு வறட்சியோ, வீட்டில் ஒரு திருமணமோ, ஒரு மருத்துவச் செலவோ வந்தால், அவ்வுழவர் கால் எங்கே போகும்? 242 உருபா மூட்டை இருக்குமிடத்துக்குத்தான் போகும். அவரைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை.

தாள் கேட்கும் நல்கையின் இன்னொரு குறை, தாளில் எழுதவியலாததை அது காணாது. கடையில் வாங்கிய உயிருரப் புட்டிக்குப் பற்றுச்சீட்டு உண்டு. பத்து நாள் கிடை போட்ட கீதாரி பற்றுச்சீட்டு தருவாரா? வேலியோரக் கொழுஞ்சிக்கு விலைப்பட்டி ஏது? மாட்டுக் கொட்டிலில் மூதாட்டி ஒருத்தி நாள்தோறும் கூட்டிச்சேர்த்த குப்பைக்கு யார் முத்திரை வைப்பார்? சீட்டுக் கேட்கும் இடத்தில் சீட்டுள்ள பொருளே வெல்லும். விளைவு என்ன? யூரியா மூட்டை விற்ற கடையே இப்பொழுது 'ஆனைந்து'ப் புட்டியும் விற்கத் தொடங்கும். மூட்டை போய்ப் புட்டி வருவதற்குப் பெயர் மண்மீட்பா?

இவையெல்லாவற்றினும் கொடியது நிலமில்லா உழவரின் நிலை. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுவோர், கோயில் நிலத்தையும் பிறர் நிலத்தையும் உழுவோர், காவிரிப் படுகையில் எத்துணைப் பேர்! அவர் பெயரில் பட்டா இல்லை. குத்தகையுரிமையைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகையில் உழுவோரை அச்சட்டம் இன்னும் சென்று தொடவில்லை. ஆண்டுக்கு 6,000 உருபா தரும் நடுவணரசின் உழவர் உதவித்தொகையும் நிலவுடைமைக் குடும்பத்துக்கே உரியது. மண்மீட்பு என்பது ஐந்தாண்டு, பத்தாண்டுப் பொறுமை கேட்கும் வேலை. அடுத்த ஆண்டு இந்த வயல் தமக்கா பிறர்க்கா என்று அறியாதவர் எந்தத் துணிவில் அதில் தழையையும் எருவையும் கொட்டுவார்? அவர் கொட்டிய எருவால் நிலம் செழித்தால் குத்தகை உயருமேயன்றி அவர் குடும்பம் உயராது. உழுபவரை விட்டுவிட்டு உடையவரைத் தேடிப்போகும் நல்கை, கரும்பை விட்டு வரப்புக்கு இறைத்த நீர்தான்.

விரைவு நல்கையின் தீங்குக்கும், நல்கையே இன்றி ஆணையால் மண்ணை மாற்ற முயன்ற தீங்குக்கும் கடல்கடந்து தொலைவு போகவேண்டுவதில்லை. இலங்கையில் 2019 தேர்தலின்போது கோத்தபய இராசபக்சே, பத்தாண்டில் நாட்டை உயிர்ம உழவுக்கு மாற்றுவதாக வாக்களித்தார். 2021 மே மாதத்தில் ஒரே அரசிதழ் அறிவிப்பால் வேதியுர இறக்குமதியைத் தடைசெய்தார். பத்தாண்டு வேலை ஒரே பருவத்தில்! தழைக்கு விதை இல்லை, மட்குக்கு மாடு இல்லை, பயிற்சி இல்லை, பணம் இல்லை. போரால் நிலமும் கால்நடையும் இழந்து மீண்டும் ஏரெடுத்திருந்த வன்னித் தமிழுழவர்க்கும், மட்டக்களப்பு, அம்பாறை உழவர்க்கும் அது அடிமேல் அடி. உயிருரம் என்று சீனத்திலிருந்து கப்பலில் வரவழைத்த சரக்கில் நோய்நுண்மி இருப்பதாகக் கூறித் திருப்பினர். திருப்பிய சரக்குக்கும் 67 இலக்கம் தாலர் கொடுத்துத் தொலைத்தனர். சொந்த ஊரின் சாணியை விட்டுக் கப்பலில் எருவைத் தேடியோர் கண்ட பயன் அது. அதே 2021 நவம்பரில் தடை நீங்கியது. 2022 தொடக்கத்தில் நெல்லுழவர்க்கு 4,000 கோடி இலங்கை உருபா இழப்பீடு அறிவித்தனர். அப்பணத்தை முன்னரே மாட்டுக்கும் தழைக்கும் கொடுத்திருந்தால் அஃது இழப்பீடாகாமல் முதலீடாகியிருக்கும். இயற்கை உழவு தோற்றது என்று உர வணிகர் இதனைச் சான்று காட்டித் திரிகின்றனர். தோற்றது உழவன்று, அரசாணை.

வடக்கே அண்டைநிலமாகிய ஆந்திரத்தைப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய அவர்தம் இயற்கை உழவுத் திட்டம், உழவர் ஒவ்வொருவர்க்கும் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வழியிற் செல்லவில்லை. மகளிர் தன்னுதவிக் குழுக்களை அடியாகக் கொண்டு, இயற்கை உழவில் தேர்ந்த உழவரையே ஊர்தோறும் ஆசிரியராக அமர்த்தி, அவர்க்கு ஊதியம் கொடுப்பதில் பணத்தைச் செலவிட்டது. மழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து தூவி, நிலத்தை ஆண்டு முழுதும் பசுமை போர்த்திவைக்கும் முறையைப் பரப்பியது. பல இலக்கம் உழவர் அதில் சேர்ந்துள்ளனர். 2024-இல் போர்த்துகல் நாட்டுக் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அத்திட்டமும் ஒன்று. ஆயினும் ஒரு செய்தியை விட்டுவிடக்கூடாது. அத்திட்டத்துக்கென 2020-இல் செருமானிய வளர்ச்சி வங்கியிடமிருந்து வந்த 9 கோடி ஐரோ நல்கையன்று, கடன். மண்ணை மீட்பதற்கு ஒரு மாநிலம் வெளிநாட்டில் கடன் வாங்கவேண்டியிருக்க, மண்ணைக் கெடுப்பதற்கு நடுவணரசின் கருவூலம் தாராளமாகத் திறந்திருக்கும் விந்தையை என்னென்பது!

தமிழ்நாட்டின் பழைய முறையில் இதற்கு விடை உண்டு. பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. பணத்தைக் கையாளும் முறைக்காகச் சொல்லவேண்டும். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவைக் குறிக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். அந்நிலத்தின் விளைவு ஆண்டுதோறும் ஏரிக்கே போகும். ஏரியில் ஓடம் விட்டு வண்டலை அள்ளிக் கரையிற் கொட்டுவதற்கென்றே சிலர் பொன் வைத்துச் சென்றதும் கல்வெட்டுகளில் உண்டு. பொன்னாகிய முதலைத் தொடாமல், அதன் பொலிசையை மட்டும் ஆண்டுதோறும் செலவிடவேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றாண்டில் முடிந்துபோகும் திட்டத்துக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! அந்த நல்கை ஊரவையின் கையில் இருந்தது, தீராததாய் இருந்தது, மண்ணுக்குள் போவதற்கென்றே வைக்கப்பெற்றது. அவ்வூரவையில் நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லாதிருந்தது என்பதும் அதே கல்வெட்டால் விளங்குவதுதான். அந்தக் குறையை இன்றைக்குத் தூக்கிவர வேண்டியதில்லை.

தமிழக அரசும் வாளா இருந்துவிடவில்லை. 2021 முதல் உழவுக்கெனத் தனி வரவு செலவுத் திட்டம், நெல் செயராமன் பெயரில் மரபுநெல் காக்கும் இயக்கம், 2023-இல் உயிர்ம வேளாண்மைக் கொள்கை, 2024-இல் 206 கோடி உருபாவில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்னும் திட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. கடைசியிற் சொன்ன பெயரைப் பாருங்கள்; தமிழில் பெயரிட்டாலே திட்டத்தின் கருத்தும் உழவர் நாவில் ஏறிவிடுகின்றது! அதில் இரண்டிலக்கம் ஏக்கரில் பசுந்தாளுரம் விதைக்க 20 கோடி ஒதுக்கினர். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. ஐம்பது நாளுக்குள் பூக்கும் நிலையில் மடக்கியுழுதால் பல டன் தழை மண்ணுக்குள். இடையில் கைமாற வழியில்லாத நல்கை இது. இத்தகையது இரண்டிலக்கம் ஏக்கரோடு நின்றுவிடாமல் தமிழகத்து நெல்வயல் முழுமைக்கும் செல்லவேண்டும் என்று உழவர் கேட்கவேண்டும். குத்தகையாளர்க்குப் பட்டா கேளாமல், ஊராட்சியின் சான்றே போதுமென்று கொடுக்கவேண்டும் என்றும் கேட்கவேண்டும். கிடைக் கூலியையும் தொழுவுரத்தையும் ஊரார் மூவர் கையொப்பத்தில் ஏற்கவேண்டும். நல்கை மூன்றாண்டில் வெட்டென நில்லாது, விளைச்சல் மீளும்வரை ஆண்டுக்காண்டு மெல்லக் குறைந்து செல்லவேண்டும். உழவர் கையெழுத்திடும் ஒவ்வொரு படிவமும் தமிழில் இருக்கவேண்டும். புரியாத தாளில் வைத்த கைந்நாட்டு ஒப்புதலாகாது.

கேட்டுப் பெறவேண்டியவை இவை. கையிலேயே இருப்பது ஒன்றுண்டு. தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உள்ளன. அவற்றின் வண்டலைக் கட்டணமின்றி உழவர் எடுத்துக்கொள்ள அரசு இசைவளித்துள்ளது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். 2024 முதல் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இசைவு பெறலாம். வண்டிக் கூலிக்குத்தான் ஏழையுழவர் தடுமாறுகின்றார். அந்தப் பெயரைச் சொல்லி வண்டலை அள்ளிப் போவோர் செங்கற்சூளைக்காரராய் இருக்கும் ஊர்களும் உள. ஆண்டுக்கு ஆறுமுறை ஊரவைக் கூட்டம் கூடுகின்றது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுங்கள். முதலாவது, இவ்வூர் ஏரியின் வண்டல் இவ்வூர் வயலுக்கே என்பது. இரண்டாவது, பட்டா இல்லாக் குத்தகையுழவரின் வண்டிக் கூலியை ஊராட்சி ஏற்கவேண்டும் என்பது. ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியில்தான் வண்டலெடுக்க முடியும். ஆகலான், மனுவைப் பங்குனிக்குள் கொடுத்துவிடுங்கள்.